முப்பத்தைந்தாம் எண் கிட்டார்

சிவகாசி,
10.2.2025

அன்புள்ள தம்பி அய்யாதுரைக்கு,

பொன்னுத்தங்கம் அக்கா எழுதுகிறேன். நானும் என் அச்சாபீசும் சுகமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். உன் சர்க்கரை எந்த அளவில் நிற்கிறது, மும்பைச் சளி ஹர்ஷினியை விட்டதா என்று எழுது.

கையில் போன் இருக்க, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் உனக்கு மட்டும் ஒன்று அனுப்பினால் அரைமணி நேரத்தில் அது குடும்பக் குரூப்பில் ஏறித் தூத்துக்குடிச் சித்தப்பா வரைக்கும் போய்விடுகிறது. பேசினாலோ நீ ஸ்பீக்கரில் போடுகிறாய். நம் குடும்பத்தில் சேராதவர் தபால்காரர் ஒருவர்தான். காலண்டர் தாள் வேறு ஆபீசில் மிஞ்சிக் கிடக்கிறது. இனி எல்லாம் கடிதத்தில்தான்.

நீ சொன்னபடி நேற்று, உன் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி, இங்கே பங்களா, வாசலில் மூன்று கார். மாப்பிள்ளை மணிகண்டராஜ் நல்ல நிறம், நல்ல உயரம். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. மாடியில் அவனுக்கென்று ஒரு அறை. ஏசி போட்டு, சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் கிட்டார். "வாசிப்பீகளா தம்பி?" என்றேன். "இல்ல ஆன்ட்டி, நான் கலெக்ட் பண்றேன், அம்புட்டுதான்" என்றான். ஒன்றில்கூட விரல் பட்ட தடம் இல்லை. அவர்கள் கம்பெனி வேனில் பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். இங்கே கிட்டாருக்கு வெல்வெட் மெத்தை.

வரும்போது அவன் அம்மா செல்லக்கனி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சீருல கார் எல்லாம் வேணாம் மதினி. நிறுத்த இடமில்ல. தம்பி ஒரு கிட்டார் கேக்கான். பெரிய கார் மாதிரியே செஞ்சதாம். அது போதும்." பெருந்தன்மையை நினைத்துப் பூரித்துப் போனேன் என்று எழுத ஆசைதான். வீட்டுக்கு வந்து போனில் விலை பார்த்தபிறகுதான் அந்தக் கிட்டார் காரைவிடக் காஸ்ட்லி என்று தெரிந்தது.

அது கிடக்கட்டும். ஹர்ஷினி என்ன சொல்கிறாள்? அதை எழுது.

அன்புடன்,
அக்கா


மும்பை,
22.2.2025

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் கடிதம் சிரிக்கவும் வைத்தது, கொஞ்சம் வருத்தமும் தந்தது.

உங்களுக்கு அச்சும் மையும்தான் உலகம். இந்தக் கிட்டாரின் அருமை தெரிய நியாயமில்லை. உலகத்திலேயே மொத்தம் நூறுதான் செய்திருக்கிறார்கள். காருக்கு அடிக்கிற பெயிண்ட், கார் சீட்டில் போடுகிற தோல், ஸ்பீடோமீட்டர் மாதிரி திருகுகள். மாப்பிள்ளை போனில் அத்தனை படமும் அனுப்பினார். படித்த, ரசனை உள்ள பையன். இப்படி ஒரு இடம் நமக்கு இன்னொரு முறை வராது. ஹர்ஷினியின் அம்மா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்!

ஜாதகம் நன்றாகப் பொருந்திவிட்டது. அவர்கள் எண் கணிதமும் பார்ப்பவர்கள். கம்பெனி தொடங்கிய நாள், கார் நம்பர், போன் நம்பர் எல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் செய்வார்களாம். ஹர்ஷினியின் எண் ஒன்பது என்றதும் சம்பந்தியம்மாவுக்கு வெகு திருப்தி.

ஹர்ஷினி நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி அய்யாதுரை


சிவகாசி,
4.3.2025

அன்புள்ள அய்யாதுரைக்கு,

வெயில் மாசியிலேயே மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒன்பதா?

அவள் பிறந்த அன்று நீ மும்பையில் இருந்தாய். விருதுநகர் ஆஸ்பத்திரியில் நின்றவள் நான். குடியரசு தினம். வாசலில் கொடியேற்றி எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்க் கை நிறைய மிட்டாய் வாங்கி வந்து, எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்த விழா என்று வார்டு முழுக்கக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் போகிற வயதில், "எம் பொறந்தநாளுக்கு நாடே லீவு விடுது அத்தை" என்று பெருமையடிப்பாளே, மறந்துவிட்டதா? குடியரசு தினம் இருபத்தாறாம் தேதி. இரண்டும் ஆறும் எட்டு. ஒன்பது எங்கிருந்து வந்தது?

கிட்டாரைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். ஓடாத காரும் வாசிக்காத கிட்டாரும் ஒன்றாகச் சேர்ந்து, உருப்படாத ஒருத்தன் வீட்டுக்குப் போகிறது. ரசனை உள்ள பையனாம். கல்யாண மண்டபத்தில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பூவுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பூவாவது தூசி துடைத்தால் பளிச்சென்று இருக்கும்.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். ஒன்பது எப்படி வந்தது? ஹர்ஷினி என்ன சொன்னாள்?

அக்கா


மும்பை,
29.3.2025

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். வேலை மும்முரத்தில் பதில் தாமதமாகிவிட்டது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கிட்டார் பதிவு செய்தாகிவிட்டது. நூறில் ஒன்று நம் பெயருக்கு வருவதே பெரிய காரியம் என்றார் கடைக்காரர். உங்கள் விலாசம்தான் கொடுத்திருக்கிறேன். சித்திரைக் கடைசியில் வந்து சேரும். நல்ல நாள் பார்த்து நீங்களே கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் சேர்த்துவிடுங்கள். ஆவணியில் முகூர்த்தம். மண்டபம் பேசியாகிவிட்டது.

பழைய கதையெல்லாம் இப்போது எதற்கு அக்கா? அங்கே போகும்போது தயவுசெய்து பேச்சை அளந்து பேசுங்கள்.

தம்பி


சிவகாசி,
6.5.2025

அன்புள்ள அய்யாதுரைக்கு,

சுகம். இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். மண்டபம் பேசியதாகப் பதில் வந்தது.

உன் கிட்டார் வந்தது. திறந்து பார்த்தேன். ஷோரூமில் நிற்கிற கார் வாசனை. பச்சைப் பெயிண்டில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். பின்பக்கம் தோல். அந்தத் தோலின் ஓரத்தில் பொன்னெழுத்தில் நம்பர் பதித்திருக்கிறார்கள்: 035/100. டைரி அட்டையில் பெயர் பதிக்கிற அதே வேலைதான். பதித்தவனுக்குக் கை சுத்தம். அந்த ஒன்றை மட்டும் மனதாரப் பாராட்டினேன்.

நேற்றுத் தட்டு, பூ, பழம் சகிதம் கொண்டுபோனேன். சொந்தக்காரர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். செல்லக்கனி அதைப் பார்த்துவிட்டு, "வண்டி மாதிரி செஞ்சதுதானே, வண்டிக்குச் செய்யிறதச் செஞ்சிருவோம்" என்றாள். கிட்டாரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டாண்டின் காலுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தலையில் மிளகாயும் எலுமிச்சையும் கோத்துக் கறுப்புக் கயிற்றில் கட்டினார்கள். கம்பி மேல் மாலை. பச்சைப் பெயிண்டில் மூன்று இடத்தில் சந்தனம். இருக்கன்குடி கோயிலில் புது லாரிக்குக்கூட இந்த மரியாதை நடந்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை கைகட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.

பின்பக்கமும் பொட்டு வைக்கலாம் என்று திருப்பியபோது செல்லக்கனி நம்பரைப் பார்த்தாள். விரல் விட்டுக் கூட்டினாள். முகம் கறுத்துவிட்டது.

"மூணும் அஞ்சும் எட்டுல்லா! எங்க வீட்டுக்கு எட்டு ஆகாது மதினி. எங்க மூத்தவரு எட்டு நம்பர்ல லாரி எடுத்து, தீவாளி லோடு பூராம் நனைஞ்சு போச்சு. எட்டு எங்க வாசப்படி ஏறப்படாது."

"கிட்டார் எங்கன லோடு ஏத்தப் போவுது?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஆரத்தியைப் பாதியில் நிறுத்தி, மாலையோடு அதை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நம்பரை மாற்றித் தரவேண்டுமாம். இப்போது அது என் பீரோவுக்குப் பக்கத்தில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கிறது.

இதைப் பார்த்தபிறகும் என் மருமகளை அந்த வீட்டுக்கு அனுப்பப் போகிறாயா?

அக்கா


மும்பை,
13.5.2025

அக்காவுக்கு வணக்கம். நலம், நலம் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தயவுசெய்து அவர்கள் சொல்வதைச் செய்துவிடுங்கள். பொன்னெழுத்துப் பதிக்கிற வேலை உங்கள் ஆபீசிலேயே இருக்கிறதே. ஒரு நம்பர்தானே அக்கா? ஒன்றைக் கூட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அதனால் யார் குறைந்துபோகப் போகிறார்கள்?

தம்பி


சிவகாசி,
22.5.2025

அய்யாதுரைக்கு,

அக்கா சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது. ஒன்றைக் கூட்டினால் யாருக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். ஏற்கெனவே ஒரு தடவை கூட்டிப் பழகின கை மாதிரி இருக்கிறது.

உன் சம்பந்தியம்மா நேற்று மகனோடு அச்சாபீசுக்கு வந்தாள். மை வாசனைக்கு மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். பட்டாசு மருந்து வாசனையில் சம்பாதித்தவள். நான் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவளிடம் இல்லை, அவனிடம்.

"தம்பி, நூறுல முப்பத்தஞ்சுங்கிறதுதான் இதுக்கு மவுசு. சுரண்டுனா பொறவு இது வெறும் கட்டை. கலெக்ட் பண்ணுதீக, உங்களுக்குத் தெரியாததா?"

அவனுக்குத் தெரிந்திருந்தது. அது முகத்தில் தெரிந்தது. அந்த அறையில் என்னைவிட நன்றாக அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அம்மாவைப் பார்த்தான். அவள் கண்ணை இமைக்கவில்லை. "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும் ஆன்ட்டி" என்றான்.

எனக்கு வந்த எரிச்சலில் அங்கேயே இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். நீ பேச்சை அளக்கச் சொல்லியிருந்தாய். அளந்துவிட்டேன். டைரி வேலை பார்க்கும் இசக்கிப்பாண்டியைக் கூப்பிட்டேன். பிளேடால் ஐந்தைச் சுரண்டி, கையச்சில் பொன்தாள் வைத்து ஆறைப் பதித்தான். சுரண்டின இடத்தில் தோல் புண் மாதிரி தெரிந்தது. செல்லக்கனி மறுபடி கூட்டிப் பார்த்தாள். "ஒம்பது" என்று வாயெல்லாம் பல். கிட்டாரைக் கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டு மகனோடு போய்விட்டாள்.

இந்த வீட்டுக்கு மருமகளாகப் போகிறவள் என்ன சொன்னாள் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

அக்கா


மும்பை,
14.7.2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

சென்னையிலிருந்து இந்த மாதிரிக் கிட்டார் வாங்கி விற்கிற ஒருவர் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கிறார். பின்பக்கத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாராம். முப்பத்தாறாம் நம்பர் ஜப்பானில் யாரிடமோ இருக்கிறதாம். இது போலி மாதிரிதான், சும்மா கொடுத்தால்கூட யாரும் தொடமாட்டார்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்குப் பெரிய அவமானம்.

அச்சாபீஸ்காரி கெடுத்துவிட்டாள் என்று சம்பந்தியம்மா சொல்கிறார். இன்னொன்று வேண்டுமாம், எட்டு வராத நம்பரில். இல்லையென்றால் ஆவணி முகூர்த்தத்தை மறந்துவிடச் சொல்கிறார்கள். நான் மும்பை முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். நேரில் போய், தவறு உங்கள் ஆபீசில் நடந்தது என்று ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ஹர்ஷினியின் வாழ்க்கை இதில் இருக்கிறது.

தம்பி


சிவகாசி,
21.7.2025

அய்யாதுரை,

என் கைகால் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாசலுக்கு நடந்துபோக அவை சம்மதிக்கவில்லை.

மன்னிப்பா? சுரண்டச் சொன்னவள் அவள். பார்த்துக்கொண்டு நின்றவன் அவன். சுரண்டினால் யாருக்குத் தெரியும் என்று எழுதியவன் நீ. உங்கள் மூன்று பேரில் யார் என்னிடம் மன்னிப்புக் கேட்பது என்று முதலில் பேசி முடிவுசெய்யுங்கள்.

உன்னை எழுதப்படிக்க வைத்தது இதற்குத்தானா என்று இருக்கிறது. குடியரசு தினத்தில் பிறந்தவளை மறுநாள் பிறந்தவளாக்கி ஜாதகம் எழுதிக் கொடுத்திருக்கிறாய். நீ பதில் எழுதாததே எனக்குப் பதில். என் முதல் கேள்விக்கு விடை அதுதான்: இரண்டும் ஏழும் ஒன்பது. கிட்டாருக்கு நான் செய்ததை நீ அதற்கு முன்னாலேயே பெற்ற பிள்ளைக்குச் செய்துவிட்டாய். நான் வெறும் தோலில்தான் செய்தேன்.

அன்று எட்டு என்று கிட்டாரைத் திருப்பினார்கள். பிறகு அவர்களே கெடுத்துவிட்டு இன்னொரு கிட்டார் கேட்கிறார்கள். என்றைக்காவது ஒருநாள் அவள் பள்ளிக்கூட சர்டிபிகேட்டைப் பார்ப்பார்கள். அன்றைக்கு இன்னொரு பெண் கேட்பார்களா? அப்போது எந்தக் கடையில் தேடுவாய்?

போதும், தம்பி. இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. உன்னால் முடியாவிட்டால் சொல், அவள் பெயருக்கே இன்னொன்று எழுதி அனுப்புகிறேன்.

அக்கா


மும்பை,
24.8.2025

என் அன்பான அத்தைக்கு,

ஹர்ஷினி எழுதுகிறேன். நான் நலம், சளி எப்போதோ போய்விட்டது. உங்கள் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? தமிழில் எழுதிப் பல வருஷம் ஆகிறது, பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

உங்கள் கடைசிக் கடிதத்தை அப்பா எனக்கு வாசித்துக் காட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் பிரித்தபடி வைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. அவர் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று புரிந்துகொண்டு எடுத்துப் படித்தேன். பிறகு அலமாரியில் இருந்த மற்றக் கடிதங்களையும் படித்தேன்.

நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டிருக்கிறீர்கள். அப்பா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அத்தை. யாராவது கேட்டால் இருபத்தேழு என்று சொல்லு, அவ்வளவுதான் என்றார். சொல்லிச் சொல்லிப் பழகிக்கூட விட்டேன். உண்மையைச் சொன்னால், மணிகண்டராஜை எனக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது. படம் அனுப்புகிற ஒவ்வொரு கிட்டாரையும் பற்றி ஆசையாகப் பேசுவார். இப்படி ஒன்றின்மேல் ஆசை வைக்கத் தெரிந்தவர் மனுஷர்மேலும் வைப்பார் என்று நினைத்தேன். சுரண்டியபோது அவர் பக்கத்திலேயே நின்றார் என்று உங்கள் கடிதத்தில் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்றே அவருக்குப் போன் செய்தேன். "நான் பொறந்தது இருபத்தாறு. கூட்டினா எட்டு. இப்ப என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்றேன்.   அவர் சொன்னார்: "அம்மாட்ட கேட்டுச் சொல்லுதேன்."

"நீங்க கேக்க வேண்டாம், நானே சொல்றேன், இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்று போனை வைத்துவிட்டேன். மாலைக்குள் நம் குடும்பக் குரூப்பில் கல்யாணம் நின்றுவிட்டது. தூத்துக்குடித் தாத்தா அழுகிற பொம்மை ஒன்று போட்டிருந்தார்.

போன வாரம் கிட்டார் திரும்பி வந்தது. லாரி பார்சலில், பூச்சட்டிப் பட்டாசு அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தையல் இடுக்கில் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. எங்கள் தெருவில் மாரிக்கண்ணன் என்று ஒரு அண்ணன் சர்ச்சில் வாசிக்கிற பையன்களுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். நம்பரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு நல்ல சத்தம் என்றார். என் விரல் நுனியெல்லாம் வீங்கியிருக்கிறது. இதுவரைக்கும் வந்தது ஒரே ஒரு பாட்டில் பாதி. பெரிய கார் மாதிரி செய்த கிட்டார், சைக்கிள் ஓட்டப் பழகுகிறவள் கையில் மாட்டிக்கொண்டது.

அப்பா என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. நேற்று அதைத் திருப்பி வைத்துக்கொண்டு பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் திட்ட மனம் வரவில்லை. நீங்கள் எனக்கும் சேர்த்துத் திட்டிவிட்டீர்கள்.

தீபாவளிக்கு அங்கே வருகிறேன், கிட்டாரையும் எடுத்துக்கொண்டு. இசக்கிப்பாண்டி அண்ணனை அந்தக் கையச்சை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆறைச் சுரண்டிவிட்டு ஐந்தைப் பதித்துக் கொடுங்கள். அதனால் விலை திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். நான் விற்கப்போவதில்லை. நான் வாசிப்பது என் நம்பரில் இருக்கட்டும்.

உங்கள் மருமகள்,
ஹர்ஷினி
பிறந்த தேதி: 26 ஜனவரி